ஒரு நிறத்துக்கு மட்டும் வழிவிடும் கண்ணாடி

முழுச் சூரிய கிரகணத்தின்போது, சந்திரனின் கரிய வட்டத்தைச் சுற்றிச் சில இடங்களில் செந்நிறக் கொழுந்துகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பார்வைக்குச் சிறியனவாகத் தோன்றினாலும் அவற்றுள் பல நம் பூமியை விடப் பெரியவை. சூரியனின் மேற்பரப்புக்கு மேலே எழும்பி நிற்கும் ஹைட்ரஜன் வாயுதான் இப்படிச் சிவந்து ஒளிர்கிறது. கிரகணம் விலகிச் சூரியனின் ஒரு கீற்று வெளியே வந்ததும் கொழுந்துகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. அவை அணைந்துவிடவில்லை, அதே இடத்தில்தான் நிற்கின்றன. சூரிய வட்டத்தின் ஒளியிலும், வானமெங்கும் சிதறும் அதன் வெளிச்சத்திலும் மூழ்கிப் போகின்றன. பகலில் விண்மீன்கள் தெரியாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

அப்படியானால் இக்கொழுந்துகளைக் காண அடுத்த கிரகணம் வரை காத்திருக்க வேண்டியதுதானா? வேண்டியதில்லை என்பது நம் நாட்டு மண்ணில் இருந்தே உலகுக்குத் தெரிந்தது. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுக் கிரகணத்தைக் காணப் பிரெஞ்சு வானியலார் ழான்சென் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்திருந்தார். கொழுந்துகளின் ஒளியை நிறமாலைகாட்டி வழியே பார்த்தபோது அதில் பிரகாசமான சில கோடுகள் மட்டுமே இருந்தன. மறுநாள் கிரகணம் இல்லாத வெயிலில் அதே கருவியைச் சூரியனின் விளிம்புக்குத் திருப்பினார். அக்கோடுகள் அப்போதும் தெரிந்தன! அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் நார்மன் லாக்கியரும் தனியாக இம்முறையைக் கண்டறிந்தார்.

இவ்வளவு வெளிச்சத்துக்கு நடுவே அந்த மங்கிய ஒளி எப்படி அகப்பட்டது? இக்கேள்விக்கு உரிய விடையே குறும்பட்டை ஒளிவடிகட்டியின் தத்துவமும் ஆகும்.

பரவிய ஒளியும் திரண்ட ஒளியும்

ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால் குறிக்கிறோம். அலைநீளத்தை அளக்க நானோமீட்டர் என்னும் அலகு பயன்படுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். ஊதா சுமார் 400 நானோமீட்டரில் தொடங்க, சிவப்பு சுமார் 700 நானோமீட்டரில் முடிகிறது. இந்த 300 நானோமீட்டர் அகலத்துக்குள் நாம் காணும் நிறங்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

வானத்தில் சிதறும் சூரிய ஒளி இந்த அகலம் முழுவதும் பரவியிருக்கிறது. ஹைட்ரஜன் கொழுந்தின் சிவப்பு ஒளியோ 656.28 நானோமீட்டர் என்னும் ஒரே இடத்தில் திரண்டிருக்கிறது. இதற்கு ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வான வெளிச்சம் ஒவ்வொரு நானோமீட்டருக்கும் 1 பங்கு வீதம் மொத்தம் 300 பங்கு இருப்பதாகக் கொள்வோம். கொழுந்தின் ஒளி மொத்தமே 1 பங்கு. வெறும் பார்வையில் 300க்கு 1 என்றால் எப்படித் தெரியும்? சிவப்பு நிறத்தில் 100 நானோமீட்டரை மட்டும் விடும் கண்ணாடியை வைத்தால் 100க்கு 1. ஒரு நானோமீட்டரை மட்டும் விடும் கண்ணாடி கிடைத்தால் 1க்கு 1. பத்தில் ஒரு நானோமீட்டரை மட்டும் விட்டால் 0.1க்கு 1, அதாவது கொழுந்து வானத்தை விடப் பத்து மடங்கு பிரகாசம்!

கவனியுங்கள்: கொழுந்தின் ஒளியை நாம் சிறிதும் கூட்டவில்லை. மற்ற ஒளியைக் கழித்தோம், அவ்வளவுதான். வடிகட்டியின் வேலை முழுவதும் இந்தக் கழித்தலில் இருக்கிறது. எதை விடுகிறது என்பதைப் போலவே, எதை எவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறது என்பதும் முக்கியம். இதை மறவாமல் மேலே படியுங்கள்.

சாயக் கண்ணாடி ஏன் போதாது?

பொருட்காட்சியில் விற்கும் சிவப்புக் கண்ணாடித் தாளை எடுத்து விளக்கைப் பார்த்தால் எல்லாம் சிவப்பாகத் தெரிகிறது. தாளில் கலந்துள்ள சாயம் நீலத்தையும் பச்சையையும் உறிஞ்சிவிடுகிறது, சிவப்பை விடுகிறது. ஆனால் சாயம் எங்கே உறிஞ்சத் தொடங்குகிறது, எங்கே நிறுத்துகிறது என்பதற்குக் கூர்மையான எல்லை கிடையாது. சாயத்தின் மூலக்கூறுகள் நெருங்கிக் கிடப்பதால் அவற்றின் உறிஞ்சும் பட்டைகள் பல பத்து நானோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகின்றன. ஒரே ஒரு நானோமீட்டரை மட்டும் விடும் சாயத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே உறிஞ்சுதலை விட்டுவிட்டு வேறு வழி தேட வேண்டும்.

சோப்புக் குமிழி கற்பிக்கும் பாடம்

சோப்புக் குமிழியில் சாயம் ஏதும் இல்லை. எனினும் அதில் பல நிறங்கள் ஓடுகின்றன. குமிழியின் மெல்லிய படலத்துக்கு முன்பரப்பு, பின்பரப்பு என இரு பரப்புகள் உண்டு. இரண்டிலும் ஒளி எதிரொளிக்கிறது. பின்பரப்பில் பட்டு வரும் அலை சற்று அதிக தூரம் போய்வர வேண்டியிருப்பதால் பிந்தி வருகிறது. இரு அலைகளின் முகடுகளும் சேர்ந்து வந்தால் ஒளி மிகும். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்தால் ஒளி அழியும். இதுவே நீங்கள் பாடத்தில் படிக்கும் குறுக்கீட்டு விளைவு. எந்த அலைநீளம் மிகும், எது அழியும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது.

நிறத்தைப் பொருளால் அன்றித் தடிமனால் தேர்ந்தெடுக்கலாம் என்பதே குமிழி கற்பிக்கும் பாடம். தடிமனைத் துல்லியமாக வைத்தால் நிறத்தையும் துல்லியமாகத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? ஆனால் குமிழியில் இரண்டே அலைகள் சேர்கின்றன. அதனால் தேர்வு மழுங்கலாக இருக்கிறது. கூர்மை வேண்டுமானால் பல அலைகள் சேர வேண்டும்.

இரு ஆடிகளுக்கு நடுவே

1890களின் இறுதியில் பிரான்சில் ஷார்ல் ஃபேப்ரி, ஆல்ஃபிரட் பெரோ என்னும் இருவர் இதற்கு வழி கண்டனர். ஒளியின் ஒரு பகுதியை விட்டு மறுபகுதியை எதிரொளிக்கும் இரு ஆடிகளை ஒன்றுக்கொன்று இணையாக, மிக அருகில் நிறுத்தினர். உள்ளே புகுந்த ஒளி இரு ஆடிகளுக்கும் இடையே முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு வெளியேறுகிறது. இப்படி வெளிவரும் அலைகள் அனைத்தும் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன.

ஊஞ்சலைத் தள்ளுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சரியான சமயத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆட்டம் பெருகும். ஒவ்வொரு தள்ளலும் சற்றே பிந்தினால் முதல் இரண்டு மூன்று முறைக்கு வித்தியாசம் தெரியாது. இருபது முறை தள்ளுவதற்குள் ஊஞ்சல் எதிரே வரும்போது தள்ளிக்கொண்டிருப்போம். அதுபோல, சரியான அலைநீளத்துக்கு உள்ளே ஓடும் அலைகள் எல்லாம் ஒத்துப்போய்ப் பெருகுகின்றன. அலைநீளம் சற்று மாறினாலும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஓட்டங்கள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, அத்தனைக்கத்தனை தேர்வும் கூர்மை.

ஒத்துப்போவதற்கு உரிய நிபந்தனை இதுதான்:

2 × ஒளிவிலகல் எண் × இடைவெளி = முழு எண் × அலைநீளம்

இங்கே ஒரு விந்தை உண்டு. ஒவ்வோர் ஆடியும் 96 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். முதல் ஆடியைத் தாண்டுவது 4 விழுக்காடு. அதில் 4 விழுக்காடுதான் இரண்டாவதைத் தாண்டும். ஆகவே 10,000 பங்கில் 16 பங்கே வெளிவரும் என்று தோன்றும். ஆனால் சரியான அலைநீளத்தில், ஆடிகள் ஒளியை உறிஞ்சாதவையாக இருந்தால், ஏறத்தாழ முழு ஒளியும் கடந்துவிடுகிறது! உள்ளிருந்து முன்புறமாகக் கசியும் அலை, முதல் ஆடியில் எதிரொளித்த அலையை அழித்துவிடுவதே காரணம். திரும்பிச் செல்ல வழியில்லாத ஆற்றல் முன்னோக்கித்தானே போகும்?

ஏடுகளால் ஆன ஆடி

வெள்ளிப் பூச்சுள்ள ஆடி ஒளியில் சிறிது உறிஞ்சிவிடும். எனவே உறிஞ்சாத ஆடி தேவை. துத்தநாக சல்பைடு (ஒளிவிலகல் எண் சுமார் 2.35), மக்னீசியம் ஃபுளோரைடு (சுமார் 1.38) ஆகிய இரு ஒளிபுகும் பொருள்களை மாற்றி மாற்றி ஏடுகளாகப் படியவைத்து இதைச் செய்யலாம். ஒவ்வோர் ஏட்டின் தடிமனும் அப்பொருளுக்குள் உள்ள அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். அப்போது ஏடுகளின் பரப்புகளில் எதிரொளிக்கும் அலைகள் அனைத்தும் சேர்ந்து பெருகும்.

656 நானோமீட்டர் ஒளிக்குத் துத்தநாக சல்பைடு ஏடு சுமார் 70 நானோமீட்டரும், மக்னீசியம் ஃபுளோரைடு ஏடு சுமார் 119 நானோமீட்டரும் இருக்க வேண்டும். தலைமயிரின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர் என்றால் இதன் மென்மையை உணர்ந்துகொள்ளலாம். வெற்றிடத்தில் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, அந்த ஆவியைக் கண்ணாடியின் மேல் படியச் செய்து இவ்வேடுகளை உண்டாக்குகிறார்கள். இன்று டான்டலம், சிலிக்கான் முதலியவற்றின் ஆக்சைடுகளும் பெரிதும் பயன்படுகின்றன. அவை கடினமானவை, ஈரத்தைத் தாங்குபவை.

ஏடுகள் கூடக் கூட எதிரொளிப்பு எப்படி உயர்கிறது என்று பாருங்கள். கண்ணாடியின் மேல் ஒரே ஒரு துத்தநாக சல்பைடு ஏடு இருந்தால் 32 விழுக்காடு. மாற்றி மாற்றி மூன்று ஏடுகள் என்றால் 68. ஐந்து என்றால் 88. ஏழு என்றால் 96.

இத்தகைய இரு ஏட்டடுக்குகளுக்கு நடுவே, அரை அலைநீளத் தடிமனுள்ள ஓர் இடை ஏட்டை வைத்தால் ஃபேப்ரி-பெரோ அமைப்பு முழுவதும் ஒரே கண்ணாடித் தகட்டின் மேல் அடங்கிவிடுகிறது. 656 நானோமீட்டருக்கு மக்னீசியம் ஃபுளோரைடால் ஆன இடை ஏடு சுமார் 238 நானோமீட்டர் இருக்கும். மேலே சொன்ன நிபந்தனையில் 2 × 1.38 × 238 என்று போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உலோகப் படலங்களுக்கு இடையே ஏட்டை வைத்து இவ்வகை வடிகட்டியை 1939இல் ஜெர்மனியில் வால்ட்டர் கெஃப்கென் உருவாக்கினார்.

சீப்பும் அதன் காவலும்

நிபந்தனையில் உள்ள 'முழு எண்' ஒரு சிக்கலையும் கொண்டுவருகிறது. அது 1 ஆகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைநீளம் கடந்து செல்லும். ஆகவே ஃபேப்ரி-பெரோ அமைப்பு ஒற்றைச் சன்னல் அன்று. பல பற்களுள்ள சீப்பு.

இடைவெளி சிறியதானால் பற்கள் தள்ளித் தள்ளி நிற்கும். ஆனால் ஒவ்வொரு பல்லும் தடித்திருக்கும். இடைவெளி பெரியதானால் பற்கள் மெலியும், ஆனால் நெருங்கிவிடும். சூரியனைக் காண உதவும் ஒரு வகை வடிகட்டியில் இரு ஆடிகளுக்கு நடுவே 0.2 மில்லிமீட்டர் காற்றிடைவெளி இருப்பதாகக் கொள்வோம். அப்போது 656.28 நானோமீட்டருக்கு அருகே பற்களின் இடைவெளி சுமார் 1.08 நானோமீட்டர். ஆடிகளின் எதிரொளிப்பு சுமார் 80 விழுக்காடு என்றால் ஒவ்வொரு பல்லின் அகலமும் அந்த இடைவெளியில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு; அதாவது 0.07 நானோமீட்டர்.

நமக்கு வேண்டியது ஒரே ஒரு பல். மற்றப் பற்களை அடைக்க, ஏடுகளால் ஆன மற்றொரு வடிகட்டியைப் பின்னால் காவலாக வைக்கிறார்கள். அது பற்களுக்கு இடையே உள்ள தொலைவை விடப் பெரிதும் அகலாமல் இருக்க வேண்டும். கூர்மையை ஒன்று தருகிறது. ஒருமையை மற்றொன்று தருகிறது.

பிரெஞ்சு வானியலார் பெர்னார் லியோ 1933இல் வெளியிட்ட வடிகட்டியும் இதே உத்தியை வேறு முறையில் கையாள்கிறது. அதில் குவார்ட்ஸ், கால்சைட் போன்ற படிகத் தகடுகள், ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இருமடங்கு தடிமனில், தளவிளைவாக்கிகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும். தடித்த தகடு கூர்மையான பற்களைத் தருகிறது. மெல்லிய தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வேண்டாத பற்களை நீக்குகின்றன.

பெட்டியின் மேல் உள்ள எண்கள்

வடிகட்டி வாங்கினால் பெட்டியின் மேலோ விளக்கத் தாளிலோ சில எண்கள் இருக்கும். ஒவ்வொன்றின் பொருளையும் காண்போம்.

1. மைய அலைநீளம். எந்த அலைநீளத்தை நடுவாக வைத்து ஒளி கடந்து செல்கிறது என்பது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கு 656.28.

2. பட்டை அகலம். ஊடுருவல் வரைபடம் வரைந்தால் அது குன்று போல் இருக்கும். குன்றின் உயரத்தில் சரிபாதியில் ஒரு கிடைக்கோடு இழுத்தால், அக்கோட்டில் குன்றின் அகலமே பட்டை அகலம். பாதி உயரத்துக்குக் கீழேயும் அடிவாரம் நீள்கிறது என்பதை மறக்கக்கூடாது. இடை ஏடுகள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால் குன்றின் உச்சி தட்டையாகி, சரிவு செங்குத்தாகும், அடிவாரமும் சுருங்கும்.

3. உச்ச ஊடுருவல். மைய அலைநீளத்தில் எத்தனை விழுக்காடு ஒளி வருகிறது என்பது.

4. தடுப்புத் திறன். பட்டைக்கு வெளியே எவ்வளவு ஒளி கசிகிறது என்பது. விளம்பரத்தில் எளிதில் கண்ணில் படாத எண் இது. முடிவைத் தீர்மானிப்பதும் பல வேளைகளில் இதுவே. ஒளி உணரும் சிலிக்கான் சில்லு 400 முதல் 1,100 நானோமீட்டர் வரை, அதாவது 700 நானோமீட்டர் அகலத்துக்கு, ஒளியை உணர்கிறது. 1 நானோமீட்டர் பட்டையும் 50 விழுக்காடு ஊடுருவலும் உள்ள வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். எல்லா அலைநீளத்திலும் ஒளி சமமாக இருந்தால், நாம் விரும்பும் ஒளி 1 × 0.5 = 0.5 பங்கு. வெளியே ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கசிந்தால் கசிவு 700 × 0.001 = 0.7 பங்கு. விரும்பும் ஒளியை விடக் கசிவு அதிகம்! கசிவு லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 0.007 பங்கு, அது பொறுக்கத்தக்கது. ஆயிரத்தில் ஒரு பங்கு கசிவதை 'ஒளியடர்த்தி 3' என்றும், லட்சத்தில் ஒரு பங்கு கசிவதை 'ஒளியடர்த்தி 5' என்றும் குறிப்பார்கள். ஒன்றுக்குப் பின் எத்தனை சுழியமோ அத்தனையே அந்த எண்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. மருத்துவமனைகளில் இரத்தத்தில் உள்ள சோடியம், பொட்டாசியம் அளவை அறியச் சுடர் ஒளிமானி என்னும் கருவி நெடுங்காலம் பயன்பட்டது. மண் பரிசோதனை நிலையங்களிலும் அதற்கு இடமுண்டு. கரைசலைச் சுடரில் தெளித்தால் சோடியம் 589 நானோமீட்டரில் மஞ்சளாகவும், பொட்டாசியம் 766.5 நானோமீட்டர் அருகே ஆழ்சிவப்பாகவும் ஒளிரும். இரத்த நீரில் பொட்டாசியம் 4 பங்கு என்றால் சோடியம் 140 பங்கு இருக்கும். பொட்டாசிய வடிகட்டியின் தடுப்புத் திறன் குறைந்தால் சோடியத்தின் மஞ்சள் கசிந்து பொட்டாசியக் கணக்கில் சேர்ந்துவிடும். இதயத்தின் துடிப்பு பொட்டாசிய அளவைப் பொறுத்தது. ஒரு கண்ணாடித் தகட்டின் கசிவு, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தை மாற்றிவிடக்கூடும்.

5. சாய்வு. மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஒளி செங்குத்தாக விழும்போது மட்டுமே பொருந்தும். சாய்ந்து விழுந்தால் மைய அலைநீளம் மாறும். எப்பக்கம் மாறும்? சாய்ந்த பாதை நீளமானது. ஆகவே அலைநீளம் கூடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறானது. உள்ளே போய்வரும் அலை பக்கவாட்டிலும் நகர்ந்து வெளிவருகிறது. அது சேர வேண்டிய மற்ற அலை அதற்குள் வெளியே சிறிது தூரம் முன்னேறிவிடுகிறது. அந்தத் தூரத்தைக் கழித்தால் இரண்டுக்கும் உள்ள பாதை வேறுபாடு குறைந்தே போகிறது. எனவே பட்டை எப்போதும் நீலத்தின் பக்கமே நகரும். ஏடுகளால் ஆன ஒரு வடிகட்டியின் சராசரி ஒளிவிலகல் எண்ணை 1.6 என்று கொண்டால், 656 நானோமீட்டர் பட்டை 5 டிகிரி சாய்வில் சுமார் 1 நானோமீட்டரும், 10 டிகிரியில் ஏறத்தாழ 4 நானோமீட்டரும் நகரும். காற்றிடைவெளி அமைப்பில் ஒரே டிகிரிச் சாய்வுக்கு 0.1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதன் பட்டை அகலமே 0.07தான் அல்லவா?

இதனால்தான் தொலைநோக்கியில் வடிகட்டியை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. 60 மில்லிமீட்டர் விட்டமும் 600 மில்லிமீட்டர் குவியத் தூரமும் உள்ள வில்லையின் விளிம்பிலிருந்து குவியத்துக்கு வரும் கதிர் ஏறத்தாழ 3 டிகிரி சாய்ந்திருக்கும். அங்கே காற்றிடைவெளி வடிகட்டியை வைத்தால் பயனில்லை. வில்லைக்கு முன்னால் வைத்தால் சூரியனின் விளிம்பிலிருந்து வரும் கதிர்கூடக் கால் டிகிரியை அதிகம் தாண்டாது. பட்டையும் நூறில் ஒரு நானோமீட்டர் அளவுக்குக்கூட நகராது.

6. வெப்பநிலை. சூடேறினால் ஏடுகள் விரிகின்றன. ஒளிவிலகல் எண்ணும் மாறுகிறது. ஏட்டு வடிகட்டிகளின் பட்டை டிகிரி செல்சியஸுக்குப் பெரும்பாலும் 0.01 முதல் 0.03 நானோமீட்டர் வரை சிவப்புப் பக்கம் நகரும். 10 நானோமீட்டர் பட்டைக்கு இது ஒரு பொருட்டன்று. மிகக் குறுகிய பட்டைக்கு இது பெரிய நகர்வு. லியோ வடிகட்டியை மாறாத வெப்பநிலையுள்ள பெட்டிக்குள் வைப்பதும் இதனால்தான்.

காற்றழுத்தமும் கணக்கில் வரும். காற்றின் ஒளிவிலகல் எண் 1.00026 அளவில் இருக்கிறது. அந்தக் கடைசி இலக்கங்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணாதீர்கள். கடல் மட்டத்தில் உள்ள சென்னையை விட, 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த கோடைக்கானல் ஆய்வகத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் சரிசெய்த, காற்று புகக்கூடிய வடிகட்டியை அங்கே கொண்டுபோனால் பட்டை சுமார் 0.035 நானோமீட்டர் நகர்ந்திருக்கும். பட்டை அகலத்தில் பாதி! மலையில் அதைச் சற்றே திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும்.

எவ்வளவு குறுகலாம்?

பட்டை எவ்வளவு குறுகினாலும் நல்லதுதானா? அப்படிச் சொல்ல முடியாது. சூரிய வட்டத்தின் மேலுள்ள ஹைட்ரஜன் அடுக்கைக் காண வேண்டுமானால் 0.1 நானோமீட்டருக்குள் பட்டை வேண்டும். ஏனெனில் நிறமாலையில் ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் கருங்கோடே ஏறத்தாழ அவ்வளவுதான் அகலம். அதைத் தாண்டினால் அடியிலுள்ள பிரகாசமான பரப்பின் ஒளி வந்து மூடிவிடும். விளிம்பிலுள்ள கொழுந்துகளுக்கோ அதை விட அகன்ற பட்டையே போதும்.

மேலும் டாப்ளர் விளைவை மறந்துவிடக் கூடாது. நம்மை நோக்கி வினாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹைட்ரஜனின் கோடு 0.0022 நானோமீட்டர் நீலப்பக்கம் நகரும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.11 நானோமீட்டர். 0.07 நானோமீட்டர்ப் பட்டையை மையத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தால், சீறிப் பாயும் அந்த வாயு சன்னலுக்கு வெளியே போய்விடும். வெடிப்பு தொடங்கியதும் கொழுந்து மறைந்துவிட்டது போல் தோன்றும்! எனவே ஆராய்ச்சிக் கருவிகளில் பட்டையை இப்பக்கமும் அப்பக்கமும் நகர்த்தும் வசதி இருக்கும். எங்கே நகர்த்தினால் வாயு மீண்டும் தெரிகிறது என்பதிலிருந்து அதன் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

கோடைக்கானலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே சூரியனை ஒற்றை நிறத்தில் படமெடுத்து வருகிறார்கள். அக்காலக் கருவி, சூரிய பிம்பத்தைச் சிறு பிளவின் வழியே கீற்றுக் கீற்றாக நகர்த்திப் படத்தைச் சேர்த்தது. 2014இல் அங்கே அமைக்கப்பட்ட ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கியோ, லியோ வகை வடிகட்டியின் உதவியால் முழு வட்டத்தையும் ஒரே நொடிப்பில் படமெடுக்கவல்லது. 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1 விண்கலத்தில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை 11 வடிகட்டிகளைக் கொண்டது. அவற்றில் 8 குறும்பட்டை வடிகட்டிகள். மற்ற மூன்றும் அகன்ற பட்டையுள்ளவை. எந்த அடுக்கைக் காண வேண்டுமோ அதற்கு ஏற்றது எது என்பதே அங்கும் கேள்வி.

ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு, இரவு வானைப் படமெடுக்க விற்கும் குறும்பட்டை வடிகட்டி வழியே யாரும் சூரியனைப் பார்க்கக்கூடாது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தடுக்கிறதா என்பது வெறும் பார்வைக்குத் தெரியாது. பார்ப்பதற்கு மங்கலாக இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணுவது பெருந்தவறு. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்த பிறகே பார்வைக் குறை தெரியவரும். சூரியனுக்கென்றே செய்த தொலைநோக்கியில் வேண்டாத ஆற்றலைத் தடுக்கும் பல வடிகட்டிகள் வரிசையாக இருக்கும். அத்தகைய கருவியில், அறிந்தவர் துணையுடன் மட்டுமே பாருங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்

ஓர் ஆய்வகத்துக்கு ஒரே விலையில் இரு வடிகட்டிகள் வருகின்றன. இரண்டின் பட்டை அகலமும் 10 நானோமீட்டர். முதலாவதன் உச்ச ஊடுருவல் 50 விழுக்காடு, கசிவு ஆயிரத்தில் ஒன்று. இரண்டாவதன் உச்ச ஊடுருவல் 40 விழுக்காடு, கசிவு லட்சத்தில் ஒன்று. 700 நானோமீட்டர் அகலமுள்ள சமமான வெண்ணொளியில் எதை வாங்குவீர்கள்?

விடை: முதலாவதில் விரும்பும் ஒளி 5 பங்கு, கசிவு 0.7 பங்கு, அதாவது விரும்பும் ஒளியில் 14 விழுக்காடு அளவுக்குப் பிழை. இரண்டாவதில் விரும்பும் ஒளி 4 பங்கு, கசிவு 0.007 பங்கு; பிழை 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒளி சற்றுக் குறைந்தாலும் இரண்டாவதே வாங்கத்தக்கது.